கிரில் சிக்கன் சாலட்டும் அதன் உணவு மதிப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

ஆய்வகத்தில் ஓர் உப்பின் எடையை நான்காம் தசம இடம் வரை துல்லியமாகக் காணும் நாம், நம் தட்டில் விழும் உணவின் எடையை எண்ணிப் பார்ப்பதில்லை. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்துகளின் பெயர்களை அடுக்கவில்லை. உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகிறார். அளவு என்னும் அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்கும் அடிப்படையாகும்.

துரித உணவுக் கடைகளில் விற்கும் கிரில் சிக்கன் சாலட்டை நான் பொருளாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறார். கல்லூரி விட்டபின் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு துரித உணவுக் கடையில் நான் வேலை செய்கிறேன். சாலட் தட்டுகளை நிரப்புவது என் பொறுப்பு.

சென்ற ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் எங்கள் தெருவுக்கு வந்தபோது அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிய வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து, உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார்கள். உடனே எனக்கு எங்கள் கடைச் சாலட் நினைவுக்கு வந்தது. பச்சைக் காய், சுட்ட கோழி, வெளிநாட்டார் உடம்பைக் குறைக்கச் சாப்பிடும் பண்டம். இதைவிட நல்லது வேறு என்ன இருக்க முடியும்? தினமும் ஒரு பொட்டலம் வாங்கிச் சென்றேன். இரவுச் சோற்றுக்குப் பதிலாக அதையே அப்பா உண்டார். முதல் நாள், "மாட்டுக்குப் போடுற தழை மாதிரி இருக்கேடா" என்றார். பிறகு, "நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மறுபேச்சின்றி உண்டு முடித்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சுகாதார நிலையத்துக்கு நானும் உடன் சென்றேன். அழுத்தம் இறங்கவில்லை. மருத்துவர் உணவைப் பற்றிக் கேட்டபோது அப்பா பெருமையுடன், "பையன் தினமும் சாலட் கொண்டு வர்றான் சார்" என்றார். மருத்துவர் என் பக்கம் திரும்பி, "அதில் என்னென்ன போடுகிறார்கள்? எவ்வளவு போடுகிறார்கள்?" என்று கேட்டார். தினமும் அதைச் செய்பவனாகிய எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்ல முடியாத விடையே இக்கட்டுரை.

சாலட் கடைக்கு வந்த கதை

துரித உணவுக் கடைச் சாலட்டின் தாயகம் அமெரிக்கா. சிக்கன் சாலட்டுகளில் பெயர் பெற்றது 'சீசர் சாலட்'. இதன் பெயர் ரோமப் பேரரசரைக் குறிப்பதன்று. மெக்சிகோ நாட்டின் எல்லை நகரமான டிஹுவானாவில் சீசர் கார்டினி என்னும் இத்தாலியர் உணவு விடுதி நடத்தி வந்தார். அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலமாதலால் எல்லை தாண்டி வரும் கூட்டம் அவர் விடுதியில் மிகுதி. 1924-ஆம் ஆண்டில் அவர் இதை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ரோமெய்ன் கீரை, முட்டை, எண்ணெய், பாலாடைக்கட்டி, வறுத்த ரொட்டித் துண்டு ஆகியவை அதிலிருந்தன. கோழி அதில் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது.

ஹாம்பர்கர் விற்ற நிறுவனங்கள் பின்னர் சாலட்டையும் விற்கத் தொடங்கின. வெண்டிஸ் நிறுவனம் 1979-இல் தன் கடைகளில் சாலட் மேசையை அமைத்தது. மெக்டொனால்ட்ஸ் 1987-இல் அமெரிக்கா முழுவதும் சாலட் விற்றது. 2003-இல் கோழி சேர்த்த பெரிய சாலட்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றில் சுட்ட கோழி, பொரித்த கோழி என இருவகை உண்டு. கொரோனா தொற்றுப் பரவிய 2020-இல் அந்நிறுவனம் அமெரிக்கக் கடைகளில் சாலட்டை நிறுத்தியது.

இதற்கிடையே மக்கள் ஒரு செய்தியை அறிந்தனர். பொரித்த கோழியும் முழு அளவு டிரெஸ்ஸிங்கும் சேர்ந்த சில சாலட்டுகளில் ஒரு சாதாரண ஹாம்பர்கரில் இருப்பதைவிடக் கூடுதல் கலோரி இருந்தது. உடல் இளைக்க வேண்டி ஹாம்பர்கரைத் தவிர்த்தவர்கள் அதனினும் மிகுந்த கொழுப்பை உண்டார்கள். நியூயார்க் நகரம் 2008 முதல் உணவுப் பட்டியலில் கலோரியை அச்சிட வேண்டும் என்று விதித்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கு அமெரிக்கா முழுவதும் இவ்விதி 2018 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2022 முதல் உள்ளது.

நான் வேலை செய்வது ஒற்றைக் கடை. அங்கே பட்டியலில் விலை மட்டுமே இருக்கும். ஆகவே கணக்கை நானே போட வேண்டியதாயிற்று.

உணவை அளப்பது எவ்வாறு?

உணவிலுள்ள புரதத்தை நேரடியாக எடை போட இயலாது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரிலுள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய கெல்டால் என்பார் 1883-இல் இதற்கு ஒரு வழி கண்டார். உணவை அடர் கந்தக அமிலத்தில் செரிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வெளிப்படுத்தித் தரம் பார்த்து அளந்தார். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த எடையை 6.25 ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். கரிம வேதியியல் பாடத்தில் நாம் படிக்கும் அதே கெல்டால் முறைதான் இது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடத்துக்கு எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டோடு உறவு உண்டென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உணவு தரும் ஆற்றலை அளந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வேதியியலார் ஆட்வாட்டர். அவருடைய ஆய்வுகளின் வழியே வந்த 4, 9, 4 என்னும் எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். (இங்குக் கலோரி எனப்படுவது உணவியலில் வழங்கும் கிலோ கலோரியே.) கொழுப்பின் எண் மற்றவற்றைப் போல் இருமடங்குக்கும் மேல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திடப்பட்டது தமிழகத்தில்தான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணைகளை வெளியிடுவது இந்நிறுவனமே.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். "முதலில் எடை; பிறகு அட்டவணை; அதற்குப் பிறகுதான் பேச்சு" என்றார். கடையின் மின்னணுத் தராசில் ஐந்து தட்டுகளைப் பிரித்து எடை போட்டுச் சராசரி எடுத்தேன். ஒரு தட்டில் காய்களும் இலைகளும் 200 கிராம். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராம். அதன்மேல் தடவும் எண்ணெய் 5 கிராம். வறுத்த ரொட்டித் துண்டு 15 கிராம். மயோனைஸ் 60 கிராம். ஆக 380 கிராம். இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

கோழியின் பங்கு

தட்டில் உள்ளவற்றுள் மிகவும் மதிப்பு வாய்ந்தது கோழிக்கறிதான். தோல் நீக்கிச் சமைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 31 கிராம் புரதமும் 3.6 கிராம் கொழுப்பும் உண்டு. ஆற்றல் 165 கலோரி. மாவுச்சத்து இல்லை. உடலால் ஆக்க இயலாத ஒன்பது அமினோ அமிலங்களும் இதில் அமைந்துள்ளன. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம் 54 கிராம். அதில் பாதிக்கும் மேல் இந்த ஒரு தட்டிலேயே கிடைத்துவிடுகிறது. இவ்வகையில் சாலட்டின் புகழ் பொய்யன்று.

ஆனால் 'கிரில்' என்ற சொல்லை மட்டும் நம்பலாகாது. கம்பியில் கோத்துச் சுழலவிட்டு விற்கும் முழுக்கோழியும் கிரில் சிக்கன்தான். அது தோலோடு வேகிறது. தோலும் கறியுமாக வாட்டிய முழுக்கோழியில் 100 கிராமுக்குக் கொழுப்பு 13 கிராமைத் தாண்டும். ஆற்றல் 239 கலோரி. நெஞ்சுக்கறியோடு ஒப்பிட்டால் கொழுப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. மாவில் புரட்டிப் பொரித்தாலோ அந்த மாவுப் போர்வை எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே எந்தப் பகுதி, தோல் உண்டா, பொரித்ததா சுட்டதா என்னும் மூன்றையும் கேட்ட பின்னரே மதிப்பைச் சொல்ல முடியும்.

இலையும் காயும்

கண்ணுக்கு நிறைந்து தெரிவது இலைகளும் காய்களுமே. எங்கள் தட்டில் முட்டைகோஸ் 60 கிராம், வெள்ளரி 50, ஐஸ்பெர்க் லெட்டூஸ் 40, தக்காளி 30, கேரட் 20 கிராம். இவ்வளவும் சேர்ந்து தரும் ஆற்றல் சுமார் 42 கலோரிதான். ஏனெனில் லெட்டூஸிலும் வெள்ளரியிலும் 95 விழுக்காடு நீரே. வயிற்றை நிரப்பி ஆற்றலைக் குறைவாகத் தருவது ஒரு நற்பண்பே.

சத்தைப் பொறுத்தவரை எல்லா இலையும் ஒன்றல்ல. வெளிறிய ஐஸ்பெர்க் 100 கிராமில் வைட்டமின் ஏ 25 மைக்ரோ கிராம். கரும்பச்சையான ரோமெய்னில் அது 436 மைக்ரோ கிராம். இரண்டுமே லெட்டூஸ் இனந்தான். வேறுபாடு 17 மடங்கு. எங்கள் தட்டில் இக்குறையை ஈடுசெய்வது 20 கிராம் கேரட்டே. முட்டைகோஸில் வைட்டமின் சி நன்றாக உண்டு. நார்ச்சத்து தட்டு முழுவதிலும் 3 கிராம் அளவே தேறுகிறது. நாளுக்கு வேண்டியது 30 கிராம். நம் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் அரைக்கீரைக் கூட்டுக்கும் ஐஸ்பெர்க் ஈடாகாது.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் உண்டவர்களின் உடலில் கரோட்டின் வகைச் சத்துகள் ஏறத்தாழ உறிஞ்சப்படவே இல்லை. எண்ணெய் சேர்ந்தபோது உறிஞ்சப்பட்டன. எனவே எண்ணெயை அறவே விலக்குவதும் அறிவன்று. கொழுப்பு வேண்டும், எவ்வளவு என்பதே கேள்வி.

டிரெஸ்ஸிங் என்னும் மறைபொருள்

இப்போது அந்த 60 கிராம் மயோனைஸுக்கு வருவோம். முன்பு எங்கள் கடையில் பச்சை முட்டையில் செய்து வந்தோம். பச்சை முட்டை மயோனைஸால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் அபாயம் இருப்பதால், தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்தது. அது முதல் நாங்கள் காய்ச்சி ஆறிய பாலில் செய்கிறோம். அரை லிட்டர் பால், ஒரு லிட்டர் எண்ணெய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, 25 கிராம் உப்பு. மிக்சியில் பாலைச் சுழலவிட்டு எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 915 கிராம். அரை லிட்டர் பால் 515 கிராம். ஆக மொத்தம் 1,430 கிராமில் எண்ணெய் 64 விழுக்காடு. அப்படியானால் 60 கிராம் மயோனைஸில் எண்ணெய் 38 கிராமுக்கு மேல். பாலின் கொழுப்பையும் கூட்டினால் 39 கிராம். ஆட்வாட்டரின் எண்ணால் பெருக்கினால் 351 கலோரி. பாலின் பிற சத்துகளையும் சேர்த்தால் சுமார் 360 கலோரி. முட்டையில் செய்து விற்கும் வழக்கமான மயோனைஸில் கொழுப்பு 75 விழுக்காடு வரை இருக்கும்.

இவ்வளவு எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தால் எவரும் குடிக்க மாட்டார். மயோனைஸாகக் கொடுத்தால் விரலால் வழித்து உண்கிறார்கள். காரணம் நம் கூழ்ம வேதியியல் பாடத்தில் உள்ளது. மயோனைஸ் என்பது நீரில் எண்ணெய் பரவிய பால்மம். முட்டையில் லெசித்தினும், பாலில் கேசின் முதலிய புரதங்களும் பால்மமாக்கிகளாக நின்று நுண்ணிய எண்ணெய்த் துளிகளை ஒன்றுசேர விடாமல் தடுக்கின்றன. வெளிப்பக்கம் நீர், உட்பக்கம் எண்ணெய். நாக்கு எண்ணெய்ப் பிசுக்கை உணர்வதில்லை; வெண்ணெய் போன்ற மென்மையை மட்டுமே உணர்கிறது.

இந்தப் பால்மத்துக்கு உரிய எண்ணெயை மாலைதோறும் என் கையாலேயே ஊற்றி வந்தேன். பால்மம் பற்றிய வினாவுக்குப் பருவத் தேர்வில் விடையும் எழுதினேன். இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒரு மருத்துவரின் கேள்வி தேவைப்பட்டது.

உப்பின் கணக்கு

இரத்த அழுத்தம் உள்ளவர்க்குக் கலோரியினும் கவலை தருவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.5, அதில் சோடியம் 23. எனவே உப்பில் 39 விழுக்காடு சோடியம். 5 கிராம் உப்பு சுமார் 2 கிராம் சோடியமாகும்.

எங்கள் கடையில் ஒரு கிலோ பச்சைக் கோழிக்கறிக்கு 20 கிராம் உப்புச் சேர்த்து ஊறவைக்கிறோம். வெந்தபின் கறி முக்கால் கிலோவாகச் சுருங்குகிறது. சாறோடு வடிவதைக் கழித்தாலும் 100 கிராம் வெந்த கறியில் சுமார் 2 கிராம் உப்பு தங்கும். மயோனைஸில் 1 கிராம். ரொட்டித் துண்டில் 0.3 கிராம். ஆக 3.3 கிராம். நாள் முழுவதற்கும் உரிய அளவில் மூன்றில் இரண்டு பங்கு, உப்பைக் குறைக்கச் சொன்ன மனிதருக்கு ஒரே வேளையில் போயிற்று. காலைப் பழையதுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் மதியக் குழம்பும் இக்கணக்கில் சேரவில்லை.

கூட்டிப் பார்த்தால்

காய்களும் இலைகளும், 200 கிராம்: 42 கலோரி
கோழிக்கறி, 100 கிராம்: 165 கலோரி
தடவும் எண்ணெய், 5 கிராம்: 45 கலோரி
வறுத்த ரொட்டித் துண்டு, 15 கிராம்: 70 கலோரி
மயோனைஸ், 60 கிராம்: 360 கலோரி
மொத்தம், 380 கிராம்: 682 கலோரி

எடையில் ஆறில் ஒரு பங்கே உள்ள மயோனைஸ், ஆற்றலில் பாதிக்கும் மேல் தருகிறது. கொழுப்பு மொத்தம் 50 கிராம். அதில் 39 கிராம் மயோனைஸின் கொடை. இது ஆய்வகத்தில் எரித்துக் கண்டதன்று. எடையையும் அட்டவணையையும் கொண்டு போட்ட கணக்கே. ஆயினும் எந்தப் பொருள் தட்டின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதில் ஐயமில்லை. பெயர் காயினுடையது, ஆற்றல் எண்ணெயினுடையது.

யாருக்கு எவ்வளவு?

அப்படியானால் மயோனைஸை நீக்கிவிட்டால் நல்ல உணவாகிவிடுமா? நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். அங்கே இரண்டாவது தவறு செய்ய இருந்தேன்.

மயோனைஸுக்குப் பதில் 60 கிராம் கெட்டித் தயிரில் புதினா, மிளகு, எலுமிச்சைச் சாறு சேர்த்து ஊற்றி, ரொட்டித் துண்டையும் விலக்கினால் தட்டின் ஆற்றல் 288 கலோரியாகும். கொழுப்பு 11 கிராம். புரதம் 35 கிராம். கறியில் தடவிய எண்ணெயும் தயிரின் கொழுப்பும் இருப்பதால் கரோட்டினும் உடலில் சேரும். நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் ஒருவர்க்கு, நாள் முழுவதற்கும் 2,110 கலோரி போதும் என்பதால், இதனோடு ஒரு சப்பாத்தி சேர்த்தால் தகுந்த இரவு உணவு.

என் அப்பாவோ விடியற்காலை 3 மணிக்கு மண்டியில் முதல் லாரியின் மூட்டையைத் தோளில் ஏற்றுபவர். கடின உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும் என்று நம் நாட்டுப் பரிந்துரை கூறுகிறது. அவர்க்கு 288 கலோரியில் இரவு உணவு என்பது மருந்தன்று, பட்டினி. கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது. ஆகவே 150 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையைச் சேர்த்தேன். அதனால் 246 கலோரியும் 13 கிராம் புரதமும் 11 கிராம் நார்ச்சத்தும் கூடின. உடன் ஒரு தட்டுச் சோறு. கறியில் உப்பைப் பாதியாக்கி, மிளகும் பூண்டும் எலுமிச்சையும் கூட்டினேன். ஒரே பண்டம் ஒருவர்க்கு மிகுதியாகவும் மற்றொருவர்க்குக் குறைவாகவும் அமைகிறது. உண்பவரைப் பார்க்காமல் உணவின் மதிப்பைச் சொல்ல இயலாது.

நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

கடையில் இப்பண்டத்தை வாங்குவோர் கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளலாம்.

1. டிரெஸ்ஸிங்கைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மேலே ஊற்றியதை அளக்க முடியாது; கிண்ணத்தில் உள்ளதை அளந்து எடுக்கலாம். இரண்டு தேக்கரண்டி சுவைக்குப் போதும்.
2. கோழி தோல் நீக்கியதா, சுட்டதா என்று கேளுங்கள். கருகிய பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.
3. இலை எவ்வளவுக்குக் கரும்பச்சையோ அவ்வளவுக்கு நன்று. கேரட்டும் தக்காளியும் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை.
4. பச்சைக் காய்கள் நன்கு கழுவப்பட்டனவா, நறுக்கிக் குளிரில் வைக்கப்பட்டனவா என்று பாருங்கள். வேகாத உணவில் கிருமியைக் கொல்லும் தீ இல்லை.
5. நோயுள்ளவர்க்கு எந்தச் சாலட்டும் மாத்திரைக்கு மாற்றன்று.

இவற்றுள் முதலாவதை எங்கள் கடை முதலாளியிடம் சொன்னேன். "தம்பி, மயோனைஸுக்காகத்தான் பாதிப் பேரு வர்றாங்க" என்று தயங்கினார். தனிக் கிண்ணத்தில் 30 கிராம் வைத்து, வேண்டுவோர் மறுபடி கேட்கட்டும் என்றேன். ஒரு வாரம் பார்த்தார். மறுபடி கேட்டவர்கள் சிலரே. எண்ணெய்ச் செலவு குறைந்தது கண்டு, அதையே வழக்கமாக்கிவிட்டார். அறிவியல் சொல்லி நடக்காதது சிக்கனம் சொல்லி நடந்தது.

முடிவுரை

அப்பாவின் அழுத்தம் இறங்காமைக்கு அந்தச் சாலட் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கமின்மை, பீடி, மாத்திரையை மறந்த நாட்கள் எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் குறைக்கச் சொன்ன இரண்டையும், உப்பையும் எண்ணெயையும், இரண்டு மாதம் நானே சுமந்து சென்று கொடுத்தேன் என்பது கணக்கில் தெளிவாக இருக்கிறது.

இக்கல்லூரியில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர். நம் வீடுகளில் நாம் சொல்வதை யாரும் சரிபார்ப்பதில்லை. மருந்துச் சீட்டானாலும், வங்கிப் படிவமானாலும், உணவானாலும், "அவன் படிச்சவன்" என்னும் ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் தரக்கூடிய மரியாதை, சொல்வதற்கு முன் நாமே சரிபார்ப்பதுதான். தராசும் அட்டவணையும் ஆய்வகத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

கணக்கெல்லாம் எழுதி முடித்த இரவு, அப்பாவிடம் தாளைக் காட்டி என் தவறைச் சொன்னேன். எண்கள் அவர்க்குப் புரியவில்லை, எடை புரிந்தது. மூட்டையைத் தோளில் வாங்கிய உடனே இத்தனை கிலோ என்று சொல்லிவிடக்கூடியவர் அவர். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எடை தெரியாம எதையும் தூக்கக் கூடாதுடா, இடுப்பு போயிரும்" என்றார். பிறகு தட்டைத் தம் பக்கம் இழுத்து, "இதுல உப்பு எவ்வளவு, சொல்லு" என்று கேட்டார். இம்முறை என்னிடம் விடை இருந்தது.